ஞானராஜ் சொல்ல வந்தது

கட்சிக்காரரின் வாயைக் கட்டுவதுதான் நம் தொழிலில் முதல் வேலை என்று என்னிடம் ஜூனியர்களாக இருந்த உங்களில் பலருக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாடத்தில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். திருப்பூர் ராயபுரத்து ஆபீஸைக் காலி செய்தபோது சட்டப் புத்தகங்களை ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனீர்கள். புத்தகத்தோடு என் பழக்கங்களும் சில உங்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அவற்றில் எதைத் தூக்கிப் போட வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அது என் தப்பு.

வியாபாரக் குற்றங்களுக்கு வாதாடுகிற வக்கீல் என்று என்னை அறிமுகம் செய்தால் வெளியூர்க்காரர்கள் பெரிய இடத்துப் பேர்வழி என்று நினைத்துக்கொள்வார்கள். திருப்பூரில் அது அப்படி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். பனியன் கம்பெனி நடத்துகிறவரிடம் ஒரு நாள் சுங்கத்துறை வரும், ஒரு நாள் தொழிற்சாலை ஆய்வாளர் வருவார், ஒரு நாள் போலீஸே வரும். கொலை செய்தவனுக்குத் தான் என்ன செய்தோம் என்று தெரியும். நம் ஆட்களுக்கு அதுவே தெரியாது. "எல்லாரும் பண்றதுதானுங்களே?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். முப்பத்தைந்து வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்காத வாரம் எனக்கு இருந்ததில்லை.

வாயைக் கட்டும் பழக்கம் எனக்கு எங்கே வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் தனியாக ஆபீஸ் போட்ட புதிதில் அனுப்பர்பாளையத்து ஏற்றுமதிக்காரர் ஒருவர் எனக்குக் கட்சிக்காரர் ஆனார். ஒரு நாள் அவர் கம்பெனிக்கு அதிகாரிகள் சோதனை போட வந்திருக்கிறார்கள். வந்தவர்களை நிற்கவைத்துப் பேசி அனுப்புவது அவர் வளர்ந்த வீட்டில் வழக்கமில்லை. இலை போட்டுச் சோறு, கெட்டித் தயிர், கடைசியில் வெற்றிலை. சாப்பிடுகிறவர்களுக்குப் பேச்சுத் துணை வேண்டாமா? பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனியின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லியிருக்கிறார். அவர்கள் தேடி வந்தது ஒரு விவகாரம். சாப்பிட்டு எழுந்தபோது மூன்று கிடைத்திருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அத்தனையையும் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

"ஏனுங்க இப்படி வாயக் குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஊட்டுக்கு வந்தவங்ககிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டு இருக்க முடியுங்களா சார்?" என்றார் அவர்.

வழக்கு ஏழு வருடம் இழுத்தது. அன்றிலிருந்து என் கட்சிக்காரர்களுக்கு ஒரே உத்தரவுதான். நான் வரும்வரை யாருக்கும் தண்ணீர் கொடுக்கலாம், பதில் கொடுக்கக் கூடாது. அது நன்றாக வேலை செய்தது. பல பேரை வழக்கே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பினேன். கோர்ட்டில் எனக்குப் பூட்டு வக்கீல் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

என் சீனியர் இதற்கும் ஒரு படி மேலே போவார். கட்சிக்காரரிடம் எல்லாவற்றையும் கேட்காதே, கேட்டால் தெரிந்துவிடும், தெரிந்துவிட்டால் வாதாட முடியாது என்பார். அவர் நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்தப் பேச்சைக் காதில் வாங்கிய நாளை நினைத்தால் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு சாயப்பட்டறை. அதன் முதலாளிக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. அங்கே சூப்பர்வைசராக இருந்தவருக்கு ஞானராஜ் என்று வைத்துக்கொள்கிறேன். தூத்துக்குடிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பத்தொன்பது வயதில் பஸ் ஏறி வந்து, ஈரத்துணி சுமக்கும் வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்தவர். அந்தக் காலத்தில் நான் அவரை "அவன்" என்றுதான் பேசுவேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். என்னிடமிருந்து எல்லாமே அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

கம்பெனி காம்பவுண்டுக்குள்ளேயே ஓர் ஓட்டு வீட்டில் ஞானராஜ் குடியிருந்தார். மனைவி ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. அவர்களுடைய மகள் குறைமாதத்தில் பிறந்தபோது முதலாளிதான் தன் காரில் தாயையும் பிள்ளையையும் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதை ஞானராஜ் மறந்ததே இல்லை. முதலாளியும் மறக்க விட்டதில்லை.

எங்கள் ஊரில் ஆடிட் என்றால் கணக்குப் பார்ப்பதை மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நம் துணியை வெளிநாட்டில் வாங்குகிற பையர் ஓர் ஆளை அனுப்புவார். அந்த ஆள் வந்து கம்பெனியில் கக்கூஸ் சுத்தமா, தீயணைக்கும் கருவி இருக்கிறதா, தொழிலாளிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்களா என்று பார்த்து மார்க் போடுவார். அவர் வரும் தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். உடனே கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். சுவருக்கு வெள்ளை அடிப்பார்கள். பீரோவில் இருக்கும் கையுறையும் மாஸ்க்கும் வெளியே வரும், ஆடிட் முடிந்ததும் மறுபடி பீரோவுக்குள் போகும். வருடம் பூராவும் நடக்காத பயிற்சிகளெல்லாம் அந்த ஒரு வாரத்தில் நோட்டுக்குள் நடந்து முடியும். இதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. ரிஜிஸ்டர் அப்டேட் பண்ணுவது என்பார்கள்.

ஞானராஜுக்கு எழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளிகளோடு பழகி இந்தி எழுத்தும் கற்றுக்கொண்டிருந்தார். நாற்பது பேருடைய கையெழுத்தை நாலு பேனாவில் நாற்பது விதமாகப் போடுவார். சிலருக்கு இடது கையால் போடுவாராம். முதலாளி ஒருமுறை என் ஆபீஸில் உட்கார்ந்து இதைப் பெருமையாகச் சொன்னார். "நம்ம ஞானராஜு எழுதுனா ஆடிட்டருக்கே சந்தேகம் வராதுங்க." நானும் சேர்ந்து சிரித்தேன். அதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளுங்கள், நானும் சிரித்தேன்.

அந்த வருடம் கார்த்திகையில் ஆடிட். அதற்கு முந்தின வாரம் ஞானராஜ் ஒரு பயிற்சியை ரிஜிஸ்டரில் எழுதினார். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்ற பயிற்சி, ஆடி மாதம் நடந்ததாகத் தேதி. ஆட்களின் பெயருக்கு, எழுதுகிற அன்றைக்கு வேலையில் இருந்தவர்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆடியில் இருந்துவிட்டுப் போனவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆடிக்குப் பிறகு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவன் பிகாஷ் என்கிற ஒடிசாக்காரன். புரட்டாசியில்தான் அவன் திருப்பூரையே முதல்தடவையாகப் பார்த்தான். ஆடி மாதப் பயிற்சிக்கு அவனும் கையெழுத்துப் போட்டதாக ரிஜிஸ்டர் சொன்னது. ஆடிட்டர் பக்கத்தைப் புரட்டி டிக் அடித்துவிட்டுப் போனார்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தொட்டியில் சேறு கட்டி மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. முதலாளி வீட்டிலிருந்தே ஒடிசாக்காரர்களின் மேஸ்திரிக்குப் போன் போட்டு, ஆள் இறக்கிச் சுத்தம் செய்யச் சொன்னார். இறங்கியவன் பிகாஷ். உள்ளே விஷவாயு. ஞானராஜ் அப்போது சர்ச்சில் இருந்தார். தகவல் தெரிந்து ஓடிவந்து, கயிறு போட்டு, அவர்தான் இழுத்து மேலே கொண்டுவந்தார். அதற்குள் உயிர் போய்விட்டது. கயிறு உராய்ந்ததில் அவருடைய வலது உள்ளங்கையில் தோல் வழன்றுவிட்டது. மேஸ்திரி மறுநாளே ஊருக்கு ரயில் ஏறிவிட்டான்.

திங்கட்கிழமை மதியம் முதலாளியும் ஞானராஜும் என் ஆபீஸுக்கு வந்தார்கள். முதலாளி பெயரில் வழக்குப் பதிவாகியிருந்தது. மறுநாள் காலை முன்ஜாமீன் மனு கோர்ட்டில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அவரைக் கைது செய்துவிடுவார்கள். போன் போட்டது தான்தான் என்பதை என்னிடம் ஒளிக்காமல் சொன்னார். பிறகு பையிலிருந்து ரிஜிஸ்டரை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதா இருக்குதுங்க சார். ட்ரெயினிங் குடுத்துருக்கறமுங்க. அந்தப் பையன் கையெழுத்தே இருக்குதுங்க."

நான் பக்கத்தைப் பார்த்தேன். பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. எப்படிப் புரியாமல் இருக்கும்? சிரித்தவன் அல்லவா நான். பிகாஷ் எந்த மாதம் வேலைக்குச் சேர்ந்தான் என்று மட்டுமாவது கேட்டிருக்கலாம். ஒரு நிமிடம்கூட ஆகாத கேள்வி. மனுவைக் காப்பாற்றக் கையில் வேறு காகிதம் இல்லை என்பதால் அதைக் கேட்கவில்லை.

ஞானராஜ் உட்காராமல் கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். முதலாளி முன்னால் அவர் உட்கார மாட்டார். வலது கையில் கட்டு.

"சார், அந்த நோட்டுல ஒரு விசயம் இருக்கு. அத மொதல்ல சொல்லிருதேன்" என்றார்.

நான் கையை உயர்த்தினேன். "ஞானராஜ், கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நோட்டு உன் பொறுப்புலதானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"பயிற்சி விவரத்தை எழுதினது நீதானே?"

"ஆமா சார். ஆனா அன்னைக்கு வந்து..."

"போதும்" என்றேன்.

அவர் நிறுத்திக்கொண்டார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். ஞானராஜ் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரம் தயாரித்தேன். பாதுகாப்புக்குப் பொறுப்பான சூப்பர்வைசர் என்ற முறையில் நானே பயிற்சி கொடுத்தேன், பிகாஷ் என் கண் முன்னால் கையெழுத்துப் போட்டான், இதெல்லாம் முதலாளி செய்து வைத்த ஏற்பாடு. இதுதான் சாரம். குமாஸ்தா அதை அவருக்குத் தமிழில் வேகமாகப் படித்துக் காட்டினார். கட்டுப் போட்ட கையால் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். கோணலாக வந்தது. வேறு தாள் எடுக்கச் சொல்லி இன்னொரு தடவை போடவைத்தேன்.

போட்டு முடித்துவிட்டு, "சார், இதுல எனக்கு ஒண்ணும் வராதுல்லா?" என்று கேட்டார்.

"நான் இருக்கேன்ல" என்றேன்.

தொழிலில் நான் சொன்ன பொய்களில் இதைத்தான் மிகவும் சுலபமாகச் சொன்னேன். அந்த நேரத்தில் அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

முன்ஜாமீன் கிடைத்தது. முதலாளி பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்து பஞ்சாமிர்தம் கொடுத்தார். என் ஆபீஸில் எல்லாரும் சாப்பிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து விசாரணை வந்தது. அரசுத் தரப்பில் ஒரு பெண், உங்கள் வயதுதான் இருக்கும். பயிற்சி ரிஜிஸ்டரை நம்பித்தான் என் முழு வாதமும் நின்றது, அதனால் ஞானராஜை எங்கள் தரப்புச் சாட்சியாகக் கூண்டில் ஏற்றினேன். அந்தப் பெண் அதிகம் பேசவில்லை. பிகாஷின் பெயரைத் தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் பதிந்த காகிதத்தை வாங்கி வைத்திருந்தாள். பயிற்சி நடந்ததாக எழுதியிருப்பது ஆடியில், ஆள் வேலைக்குச் சேர்ந்தது புரட்டாசியில் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீதிபதியிடம் காட்டினாள். நான் கேட்காமல் விட்ட ஒரு நிமிடக் கேள்வியை அவள் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஞானராஜைப் பார்த்தார். "இந்தக் கையெழுத்தைப் போட்டது யார்?"

ஞானராஜ் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, இந்தச் சாட்சி பதில் சொல்வதற்கு முன் தனக்கென்று ஒரு வக்கீலைப் பார்த்துப் பேச அவகாசம் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. நீதிபதி கொடுத்தும் இருப்பார். நான் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எந்தப் பக்கத்தையும் தேடவில்லை, வெறுமனே புரட்டினேன்.

"நாந்தான் சார்" என்றார் ஞானராஜ்.

"யார் சொல்லிப் போட்டீங்க?"

அவர் முதலாளி பக்கம் திரும்பினார். முதலாளி மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லல்ல சார். நானாத்தான் போட்டேன்."

மதிய இடைவேளையில் கோர்ட் வராந்தாவில் முதலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "ஏனுங்க சார், இனி வேற வழியில்லீங்க. அவன் பண்ணுனது எனக்குத் தெரியவே தெரியாதுன்னு சொல்லீருங்க."

"உங்களுக்குத் தெரியுமேங்க" என்றேன்.

"உங்களுக்குந்தானுங்க சார் தெரியும்" என்றார்.

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை மிரட்டியதில்லை. வழக்கிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க அரை மணி நேரம் இருந்தது. அந்த அரை மணி நேரத்தில் நான் கேன்டீனுக்குப் போய் டீ குடித்தேன்.

கடைசி வாதத்தில் எழுந்து நின்று, என் கட்சிக்காரர் நம்பிக்கைக்குரிய ஊழியரால் ஏமாற்றப்பட்டவர் என்று சொன்னேன். நன்றாகவே சொன்னேன். முழுப் பொறுப்பையும் ஒப்படைத்திருந்த ஆள் போலியாகக் கையெழுத்துப் போட்டு முதலாளியின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டார் என்று, இரண்டு வருடத்துக்கு முன்னால் என் மேஜையில் நான் எழுதி வாங்கிய பிரமாணப் பத்திரத்தையே எடுத்துக் காட்டிப் பேசினேன். ஞானராஜ் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். நம்மைக் காப்பாற்றத்தான் வக்கீல் ஏதோ சுற்றி வளைத்துப் பேசுகிறார் என்று அவர் நினைத்ததாகப் பின்னால் தெரிந்தது.

அதே பெஞ்சில் பிகாஷின் அண்ணனும் இருந்தார். இந்தக் கதையில் செத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை எழுதும்போது நானே மறந்துவிடுகிறேன் பாருங்கள். அண்ணன் வேறொரு சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சம்பளத்தை விட்டுவிட்டு வந்து உட்காருவார். அங்கே பேசியதில் ஒரு சொல்கூட அவருக்குப் புரிந்திருக்காது, யாரும் புரியவைக்கவும் இல்லை. தீர்ப்பு அன்று கறுப்புக் கோட்டைப் பார்த்து என்னிடம் வந்தார். "சாப், நம்ம பாய் கேஸ் முடிஞ்சுது?" என்று தம்பியைப் பற்றிக் கேட்டார். முடிஞ்சுது என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

போன் வந்ததைச் சொல்ல வேண்டிய மேஸ்திரி திரும்பி வரவே இல்லை. முதலாளி விடுதலை ஆனார். போலிக் கையெழுத்துப் போட்டதற்கும் பொய்ப் பிரமாணம் செய்ததற்கும் ஞானராஜ் மேல் தனி வழக்குப் போடச் சொல்லிக் கோர்ட்டே உத்தரவிட்டது.

சம்மன் வந்ததும் ஞானராஜும் ஸ்டெல்லாவும் நேராக என் ஆபீஸுக்குத்தான் வந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? அதற்குள் காம்பவுண்டு வீட்டையும் காலி செய்யச் சொல்லிவிட்டிருந்தார் முதலாளி.

"நீங்கதான் சார் பாத்துக்கிடணும்" என்று ஞானராஜ் சம்மனை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. இந்த வழக்கை நான் எடுக்க முடியாது, நான் முதலாளியின் வக்கீல், உங்களுக்கும் அவருக்கும் நலன்கள் மோதுகின்றன, சட்டம் அனுமதிக்காது என்று விளக்கினேன். ஒவ்வொரு வார்த்தையும் சரியானது. பார் கவுன்சிலில் கேட்டாலும் சரி என்பார்கள். ஞானராஜ் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லாவுக்குப் புரிந்துவிட்டது.

"அன்னைக்கு இவுககிட்ட பேப்பர்ல கையெழுத்து வாங்கும்போது நீங்க யாருக்கு வக்கீலு சார்?" என்று கேட்டார்.

உங்களில் யாராவது இந்தத் தொழிலை நாணயமாகச் செய்ய நினைத்தால் அந்தக் கேள்வி ஒன்று போதும். நம் ஆபீஸுக்கு முதலாளி தனியாக வருவதில்லை. கூடவே ஒரு சூப்பர்வைசரோ மேனேஜரோ டிரைவரோ வருவார். பீஸ் கொடுக்கிறவர் நாற்காலியில் இருப்பார், கையெழுத்துப் போடுகிறவர் கதவோரம் நிற்பார். நிற்கிறவரிடம் பேனாவைக் கொடுப்பதற்கு முன்னால், ஐயா, நான் உங்கள் வக்கீல் இல்லை, நீங்கள் வேறொருவரைக் கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லுங்கள். சொன்னால் சில முதலாளிகள் எழுந்து போய்விடுவார்கள். போகட்டும். ஒருவரின் வாயைக் கட்டுவது அவரைக் காப்பாற்றவா, அவரிடமிருந்து இன்னொருவரைக் காப்பாற்றவா என்று ஒவ்வொரு தடவையும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். நான் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

ஞானராஜுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு வக்கீல் கிடைத்தார். ஒரு வருடச் சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீடு செய்து, ஜாமீனில் வெளியே இருந்தார். அந்த நாட்களில் ஒரு காலைவேளை ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு என் கையாலேயே நான்கு பக்கம் எழுதினேன். ரிஜிஸ்டரில் தப்பு இருக்கிறது என்று ஞானராஜ் தானாக முன்வந்து சொல்ல வந்தார், நான் கையை உயர்த்தித் தடுத்தேன், பிரமாணப் பத்திரத்தின் வாசகம் என்னுடையது, அது பொய் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கீழே தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அதை அவருடைய வக்கீலிடம் கொடுத்திருந்தால் மேல்முறையீட்டில் கதையே மாறியிருக்கும். வக்கீல் தொழில் செய்யும் என் சன்னது போயிருக்கும், என் மேலும் வழக்கு வந்திருக்கும். முதலாளி என்னிடம் சொன்னது கட்சிக்காரரின் ரகசியம், அதை நான் வெளியிடக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த நான்கு பக்கத்தில் முதலாளி சொன்னது ஒரு வரிகூட இல்லை. இருந்ததெல்லாம் நான் செய்ததும் ஞானராஜ் சொல்ல வந்ததும்தான். மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. ஞானராஜ் கோவை ஜெயிலுக்குப் போனார். முழுத் தண்டனையையும் அனுபவித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

தொழிலிலிருந்து விலகிய பிறகு, இனிமேல் எனக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்றான பிறகு, அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டைத் தேடிப் போனேன். தைரியம் வந்த நேரத்தைப் பாருங்கள். அனுப்பர்பாளையத்தில் ஒரு வரிசை வீடு. ஜெயிலுக்குப் போய் வந்தவருக்கு யார் சூப்பர்வைசர் வேலை கொடுப்பார்கள்? ஞானராஜ் ஒரு சின்ன யூனிட்டில் அயர்ன் போட்டுக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"வாங்க சார், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவர் நின்றுகொண்டேதான் இருந்தார். நான் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வழியெல்லாம் வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டு போனேன். அங்கே போனதும் தாள்களை மட்டும் நீட்டினேன். ஞானராஜ் கண்ணாடி இல்லை என்று சொல்லி ஸ்டெல்லாவிடம் கொடுத்தார். ஸ்டெல்லா கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து, தரையில் உட்கார்ந்து, வரிக்கு அடியில் விரலை வைத்து நான்கு பக்கத்தையும் மெதுவாகப் படித்தார். கடைசியில் தேதியில் விரல் நின்றது.

"இத எப்பம் எழுதுனீங்க சார்?"

"அப்பீல் நடக்கும்போதும்மா."

"இவுக உள்ள போறதுக்கு முன்னாலயா?"

"ஆமா."

"விடு ஸ்டெல்லா. சாரு வீடு தேடி வந்திருக்காவல்லா" என்றார் ஞானராஜ்.

ஸ்டெல்லா தாள்களை இருந்த மடிப்பிலேயே மடித்தார். எழுந்து வந்து என் கையில் வைத்தார்.

"அப்பம் குடுத்திருந்தா இவுக வீட்டுல இருந்திருப்பாவ சார்" என்றார். "இப்பம் இத வச்சு நாங்க என்னத்தச் செய்ய?"

நான் தாள்களை வாங்கிக்கொண்டேன்.